ஆர்விட்டின் மேசைவிரிப்பு

"இது என்ன தையலா, இல்ல சிலந்தி வலையா? எட்டாவது தடவையா பிரிஞ்சிருக்கு!"

ஆர்விட் மேசைவிரிப்பை உதறி, மார்லிஸின் தையல் மிஷின் மேலேயே போட்டார். நான்கு ஓரமும் பிசிறு பிசிறாகத் தொங்கியது.

கடையில் காத்திருந்த பெர்னிஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயிருக்குன்னு பேசாதீங்க! மார்லிஸ் தைச்சது இந்த மின்னசோட்டாவிலயே பிரிஞ்சதா சரித்திரம் இல்லை. எங்க சர்ச் பாட்டுக்குழு அங்கி பதினோரு வருஷமா ஒரு இழை நகரலை, தெரியுமா?"

மார்லிஸ் பெர்னிஸின் புது அங்கிக்கு ஓரம் பிசிறாமல் ஓவர்லாக் அடித்து முடித்தார். கடைசியில் வால் போல மிஞ்சிய நூலைப் பெரிய ஊசியில் கோத்து, தையல் பிரியாமலிருக்க உள்ளேயே செருகி இழுத்துக் கொடுத்தார். பெர்னிஸ் ஆர்விட்டை முறைத்துக்கொண்டே வெளியேறினாள்.

தையல் எங்கே தானாகப் பிரிந்தது? ஞாயிற்றுக்கிழமை மதியமானால் உட்கார்ந்து பிரிப்பதே ஆர்விட்தான். முதல் தடவை பிளேடு வைத்து அறுக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. இப்போது கை நன்றாகப் பழகிவிட்டது, ஐந்தே நிமிடம்.

வேறென்ன செய்வார் பாவம்! இருவருமே தனிக்கட்டைகள். ஊரில் நடக்கும் வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு மார்லிஸைக் கூப்பிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வாரமும் வருகிறார். படியேறியதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐம்பத்தெட்டு வயது வாயிலிருந்து சண்டைதான் வரும்.

மார்லிஸ் துணியை விரித்து அளந்தார்.

"ஆர்விட், ஒவ்வொரு தடவையும் மிஷின் கத்தி பிசிறை வெட்டித் தள்ளிட்டுத்தான் தைக்கும். ஆறு பேர் மேசைக்கு வந்த துணி, இப்ப ரெண்டு பேர் மேசைக்குத்தான் காணும். இனிமே இதுல வெட்ட ஒண்ணுமில்லை. தூக்கிப் போட்டுடுங்க."

தூக்கிப் போடுவதா? அப்புறம் எந்தச் சாக்கைச் சொல்லி இந்தப் படி ஏறுவது? வெளியே ஏரியே உறைந்து கிடந்தது. ஆர்விட்டுக்கோ வியர்த்துக் கொட்டியது. கதவு வரை போனவர், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று திரும்பி வந்தார்.

"மார்லிஸ்... உங்க தையல் மேல தப்பே இல்லைங்க. நான்தான் பிரிச்சேன். எட்டு தடவையும்! உங்களைப் பார்க்கணும்னுதான்... வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு என்கூட வர்றீங்களா?"

ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, அடி வாங்கப் போகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தார். மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது.

"பிளேடு வெட்டை முதல் தடவையே பார்த்துட்டேன். பாவம், கை நோகுமேன்னுதான் அதுக்கப்புறம் ஏழு தடவையும் நூல் நுனியைச் செருகாமலே விட்டேன்!"