உள்ளேன்

அந்த வகுப்பில் எல்லோர் காதிலும் வடிகட்டி உண்டு. வகுப்புக்கென்று போட்ட பட்டியலில் இருக்கும் சத்தம் எதுவும் காதுக்கு வராது. சிறப்பாசிரியை ஜெசிந்தா அன்று தன்னுடையதைச் சார்ஜில் போட மறந்துவிட்டு, வெறுங்காதோடு வருகைப் பதிவு எடுத்தாள்.

"உள்ளேன் மிஸ்" என்று ஒவ்வொருவராகச் சொல்ல, அவள் குனிந்தபடி குறித்துக்கொண்டே வந்தாள். ஃபர்ஹானாவைக் கூப்பிட்டால் மட்டும் நிமிர்வாள். பேசாத பிள்ளை, பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

"ஃபர்ஹானா."

ஜெசிந்தா நிமிர்வதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "ம்ம்… ளேன்."

ஜெசிந்தாவின் பேனா நின்றது.

"கோமதி, ஃபர்ஹானா சொன்னது கேட்டுச்சா?"

"அவ பேசமாட்டாளே மிஸ்."

ஓயாமல் முனகுகிறாள், மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று ஜூன் மாதமே ஃபர்ஹானாவின் குரலைப் பட்டியலில் சேர்த்தது ஜெசிந்தாதான். இப்போது பொங்கல் லீவும் முடிந்துவிட்டது. எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ.

பட்டியலைத் திறந்து அந்த ஒரு வரியை அழித்தாள். பிறகு மறுபடியும் கூப்பிட்டாள்.

"ஃபர்ஹானா."

"ம்ம்… ளேன்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஜெசிந்தா மட்டும் நிமிரவில்லை. மற்ற பிள்ளைகளுக்குப் போலவே, குனிந்தபடி குறித்தாள்.