டி கேலரியில் முளைத்த தூண்

மழைக்காலம் வந்தால் வைகைக்கரை ஸ்டேடியம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். கிரிக்கெட் பார்க்க வந்த ஜனங்கள் எங்கே மகிழ்ந்தார்கள், எங்கே முகம் சுளித்தார்கள் என்று சீசன் முழுக்கக் கவனித்து வைத்திருந்து, அதற்குத் தக்கபடி இடித்துக் கட்டும். என்ஜினீயர் செண்பகவல்லிக்கு மேற்பார்வை மட்டும்தான்.

இந்த வருஷம் அது டி கேலரியில் ஒரு தூணை எழுப்பிவிட்டது. போன வருஷம்தான் அவள் ஸ்டேடியத்தோடு மல்லுக்கட்டி, பார்வையை மறைத்த தூண்களையெல்லாம் ஒழித்திருந்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் மேட்ச் அன்றைக்கே தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.

மீன்கடை தேவசகாயமும் அவர் மனைவி ரோஸ்லினும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். தூண் தேவசகாயத்துக்கு நேர் எதிரே நின்றது. அவர் மனைவி பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க. நாளைக்கே இடிச்சிருவோம்," என்றாள் செண்பகவல்லி.

"ஐயையோ, வேணாம் மேடம்!" தேவசகாயம் பதறினார். "போன வருஷம் நல்லாத்தான் தெரிஞ்சுச்சு. ஆனா இவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்னு யாரோ மாதிரி உக்காந்திருந்தோம்."

"பேசாம மேட்சப் பாருங்க. எனக்கும்தான் மறைக்குது," என்று ரோஸ்லின் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

செண்பகவல்லி ரோஸ்லினின் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தால் ரோஸ்லினுக்கு மைதானம் முழுசாகத் தெரியும்.

தூணை இரண்டு தட்டு தட்டிக்கொடுத்துவிட்டு அவள் படியிறங்கினாள்.