பிரீமியம் ஊற்றிய பிறகு

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது.

டக், டக், டக்.

தகர டப்பாவுக்குள் இருந்து யாரோ விரல் முட்டியால் தட்டுவது போல. மேடு ஏற ஏற அதுவும் கூடிக்கொண்டே போனது.

"பாத்தியா தெய்வான," என்றார் காரை ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர். "பொட்டுச் சத்தமில்ல. பிரீமியம் ஊத்துனதுல இருந்து வண்டி பட்டு மாதிரி போகுது."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குழந்தைவேலுவுக்கு அப்படிப் பேச வராது.

அவர் வேலை பார்த்த மில் மூடிய வருஷம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். மேட்டைக் கண்டால் இன்ஜின் தட்டும். உள்ளே கரி பிடித்திருக்கிறது, பிரித்துச் சுத்தம் செய்தால்தான் உண்டு, இந்தப் பழைய வண்டிக்கு எந்தப் பெட்ரோலும் ஒன்றுதான் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். பங்க்கில் நின்ற பெண் வேறு மாதிரி சொன்னாள். மூன்று தடவை பிரீமியம் ஃபுல் டேங்க் போடுங்கள், சத்தம் ஓடியே போய்விடும் என்றாள்.

அவர் பங்க்கை நம்பினார்.

முதல் தடவை, குறைந்திருக்கிறது என்றார். இரண்டாம் தடவை, பாதி போய்விட்டது என்றார். மூன்றாம் தடவை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அக்கம்பக்கத்தாரை எல்லாம் அழைத்து, காது கொடுத்துக் கேட்கச் சொன்னார். நின்ற வண்டியில் என்ன கேட்கும்? எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும்தான்.

இன்று மலை. கார்க் கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. வேறு வண்டி எதுவும் இல்லை.

சத்தம் குறையவே இல்லை. போன வருஷத்தைவிட அதிகமாக இருந்தது.

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆழியாறு அணை கீழே சிறு கண்ணாடித் துண்டாகக் கிடந்தது.

"ஏனுங்க, இன்னும் தட்டுதுங்களே," என்றாள்.

அவர் சாலையைப் பார்த்தே ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதே குரலில், மலையைப் பார்த்தபடியே, இன்னொரு முறை சொன்னாள்.

அவர் கியரை மாற்றினார். முகத்தில் சந்தோஷம் அப்படியே இருந்தது.

அவள் திரும்பி அவர் காதையே பார்த்தாள்.

முப்பத்தோரு வருஷம் மில்லில் தறி ஓடும் கொட்டகையில்தான் அவருக்கு வேலை. அங்கே யாரும் காதால் பேச்சைக் கேட்டதில்லை. வாயசைவைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள். மில் மூடிய பிறகும் அவள் பேசும்போதெல்லாம் அவர் அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. வயசாக ஆகத் தன்மேல் பிரியம் கூடுகிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

மகளின் போன் வந்தால் உடனே இவளிடம் நீட்டிவிடுவார். அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். ஆம்பளைகளுக்கு என்ன பேசத் தெரியும்?

மகள் மேலே எஸ்டேட்டில் இருந்தாள். ஒன்பதாம் மாதம் பிரசவத்துக்கு அழைத்து வருவதாக இருந்தது. எட்டிலேயே வலி கண்டுவிட்டது. குழந்தைக்கு இன்று இருபத்தைந்து நாள். நாளைக் காலை தாயும் பிள்ளையும் இதே காரில், இதே சாலையில் கீழே இறங்க வேண்டும்.

இருபதாவது வளைவைத் தாண்டியதும் மூடுபனி வந்தது.

முதலில் மரங்கள் போயின. பிறகு தடுப்புச் சுவர். பிறகு சாலையின் நடுக்கோடு.

"பிக்கப்பு எப்படி இருக்குது பாரு," என்று அவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார்.

வளைவுக்கு மேலே ஹாரன் கேட்டது. ஒரு முறை. கொஞ்சம் கிட்டத்தில் இன்னொரு முறை.

வண்டி வேகம் குறையவில்லை.

மூன்றாவது ஹாரனுக்கு அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

கார் இடது பக்கம் பாய்ந்து மண்மேட்டில் முட்டி நின்றது. தேயிலை மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று பனியைக் கிழித்துக்கொண்டு வந்து, காரின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. கொஞ்ச தூரம் தள்ளி நின்றது. டிரைவர் தலையை நீட்டி ஏதோ கத்திவிட்டு, வண்டியைக் கீழே விட்டுக்கொண்டு போனான்.

அவர் இன்ஜினை அணைத்தார்.

பிறகு அவள் பக்கம் திரும்பி, அவள் உதடுகளைப் பார்த்தார்.

"ஹாரன் அடிச்சானா?"

அவள் மூன்று விரலைக் காட்டினாள்.

அவர் அந்த மூன்று விரலையும் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல இருந்தது.

"வண்டி... இன்னும் தட்டுதா?"

ஆமாம் என்று அவள் தலையசைத்தாள்.

அவர் அழவில்லை. காரின் முன்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

அங்கே திரும்ப முடியாது. நிற்கவும் முடியாது, பின்னால் வருகிற பஸ் இவர்களைப் பார்க்காது. இன்னும் பதினேழு வளைவுகள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். சத்தம் கேட்டால் உங்கள் கையில் தட்டுகிறேன், ஒரு தட்டு என்றால் மேலிருந்து, இரண்டு என்றால் பின்னாலிருந்து என்று வாயை மெதுவாக அசைத்துச் சொன்னாள். அவர் பள்ளிப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது.

அடுத்த வளைவில் எண் எழுதிய பலகைகூடத் தெரியவில்லை. எல்லாம் வெள்ளை.

அவள் தலையை வெளியே நீட்டினாள்.

ஹாரன்.

மேலேயா, பின்னாலா? மலை அதை வாங்கி எல்லாப் பக்கமிருந்தும் திருப்பித் தந்தது.

அவளுடைய கை அவர் கைக்கு மேலே, தட்டாமல் நின்றது.

அவர் சாலையைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.