கௌரவமான வியாதி

"உங்க குடும்பத்துல யாருக்காவது பெரிய வியாதி ஏதாவது…?"

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா மங்களாபென், பால்பேடாவை மென்றுகொண்டே கேட்டாள்.

"சேச்சே! எங்க அண்ணன்கூட மாரடைப்புலதான் போனார். ஒரே நொடி!" பெண்ணின் அப்பா வல்லப் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அண்ணி ரளியாத்பென் டீ ஊற்றினாள். அந்த 'ஒரே நொடி' முழுக்க, ஒரு வருஷம், புருஷனுக்குக் குழாய் வழியே கஞ்சி ஊற்றியவள் அவள்தான்.

ஆனால் ஜேத்பூரில் மாரடைப்புதான் கௌரவமான வியாதி. பெண் கொடுக்கவோ எடுக்கவோ குறுக்கே வராது. அதனால், அவர் செத்த அன்றே வாய்ப் புற்றுநோய்க்கு மாரடைப்பு என்று பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள்.

வல்லப் கடலைமாவு காட்டியாவோடு ஒரு பச்சை மிளகாயைக் கடித்தார்.

"ஸ்ஸ்ஸ்…" கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

ரளியாத்பென் கை அப்படியே நின்றது. புருஷனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

"தம்பி, வாயைத் திறங்க."

"அண்ணி! நாலு பேர் முன்னால என்ன இது? அப்புறம் பார்க்கலாம்…"

"அப்புறம், அப்புறம்னுதான் உங்க அண்ணனும் சொன்னார். திறங்கன்னா!"

செல்போன் விளக்கைப் போட்டாள். கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு. உளுந்து அளவுதான்.

கதவோரம் நின்ற கல்யாணப் பெண் கிஞ்சலுக்குக் கண் கலங்கியது. "பெரியம்மா… இன்னிக்குத்தானா?"

"மாரடைப்புன்னு சொன்னீங்க?" மங்களாபென்னின் புருவம் ஏறியது.

"பொய்! என் புருஷனுக்கும் இதே இடம், இதே புண்ணு. வெளிய தெரிஞ்சா வீட்டுப் பொண்ணுக்கு வரன் வராதுன்னு மூடி மறைச்சார். டாக்டர்கிட்ட போனப்ப தாடையை எடுக்கத்தான் முடிஞ்சது, ஆளைக் காப்பாத்த முடியலை. தம்பிக்கு இப்பதான் ஆரம்பம். நாளைக்கே ராஜ்கோட்டுக்கு இழுத்துட்டுப் போறேன், பொழைச்சுக்குவார். சம்பந்தம் வேணாம்னா சொல்லிடுங்க."

"மானத்தை வாங்கிட்டீங்களே, அண்ணி!"

"ஆள் இருந்தா மானத்தை அப்புறம் சம்பாதிச்சுக்கலாம்."

மாப்பிள்ளையின் அப்பா ஓதவ்ஜி எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார்.

மங்களாபென் கைப்பையை எடுத்துக்கொண்டாள். வல்லப் தலையில் கைவைத்தார். அவ்வளவுதான், போச்சு.

வாசலில் 'தூ' என்று சத்தம்.

கன்னத்தில் அடக்கியிருந்த மாவாப் புகையிலையை ஒட்டுமொத்தமாகத் துப்பிவிட்டு ஓதவ்ஜி உள்ளே வந்தார். ரளியாத்பென் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த விளக்கை இங்கேயும் கொஞ்சம் அடிங்க, சம்பந்தியம்மா. எங்க வீட்லயும் அப்பா, சித்தப்பா ரெண்டு பேருக்குமே மாரடைப்புதான்… வாயில!"