சந்தாவின் கதவு

ஜனவரி ஆறாம் தேதி காலை, ஒரு பத்திரிகையின் தரவுத்தளத்திலிருந்த நான்கு சேமிப்பு அறைகளில் சந்தா என்ற அறையை, சின்னப் பழுது என்று அவசரமாகப் பூட்டினார்கள். உள்ளே வாசகர் பெயர்கள் எல்லாம் பத்திரமாகவே இருந்தன. கேள்விகள் வந்து கதவைத் தட்டின. சந்தா சொன்ன பதில் வெளியே கேட்கவில்லை. நாளடைவில் தட்டுவதும் நின்றது.

“தம்பி, என்னை எப்போ திறப்பாங்க?” என்று சந்தா பக்கத்து அறையான விளம்பரத்தைக் கேட்டது.

“பூட்டின அவசரத்துல உங்ககிட்ட எழுதாம விட்டுப்போன மாற்றங்களை, எல்லாத்தையும் குறிச்சு வச்சிருக்கிற பதிவுக் கோப்பைப் பார்த்து நீங்க சேர்த்துக்கணும். அப்புறம்தான் திறப்பாங்கண்ணே.”

“சேர்த்துக்கிறேன். கோப்பைக் கொண்டாரச் சொல்லு.”

விளம்பரம் தயங்கியது. “அதை போன வாரமே அழிச்சுட்டாங்க. எனக்கு இடம் பத்தலைன்னு.”

“நீ ஒண்ணும் சொல்லலையா?”

“இடம் பத்தலைண்ணே.”

மார்ச் மூன்றாம் தேதி சந்தா நீக்கப்பட்டது. அந்த இடம் விளம்பரத்துக்கு ஒதுக்கப்பட்டது.