நான்காவது குரல்

பம்மல் ஸ்டுடியோவின் கதவைத் திறந்ததும் வேதசிரோமணியின் சந்தேகம் உறுதியானது. பல வருடம் கழித்து ஒன்றுகூடிய அவர்களின் நாட்டுப்புற ராக் குழுவின் ஆல்பம் அங்கே பதிவாகிக்கொண்டிருந்தது. நேற்று மேல் ஸ்தாயியில் அவர் குரல் உடைந்தது. இன்று அவரை விட்டுவிட்டு மற்ற மூவரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“என்னைக் கழட்டி விட்டுட்டியா முனீர்?” அடிக்குரல் பாடும் நண்பரைக் கேட்டார்.

“பேஜார் பண்ணாத மச்சான். வந்து பாடு.”

வெறுப்போடு பாடினார். கர்த்தரின் கிருபை, மேல் ஸ்தாயி சுலபமாக எட்டியது.

“என் குரல் வந்துடுச்சுடா! நீதான் அடியில சத்தமே இல்லாம முனகுற!”

முனீர் சிரித்தபடி ஒலிப்பதிவாளர் ஜோவிதாவின் அறைக்குப் போனார். அங்கிருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. வேதசிரோமணியின் ஹெட்போனில் அவள் குரல் கேட்டது.

“அவருக்காக எல்லாப் பாட்டையும் சுருதியில கட்டை இறக்கித் திரும்பப் பாடுறீங்க. அவ்ளோ கீழ உங்க குரல் போகலையே சார்?”

“என் குரல் கேக்காட்டி போவுதும்மா. அவன் இல்லாம பாடி இன்னா பண்றது?”