சவரிமுத்துவின் நிபந்தனைகள்

சவரிமுத்துவின் இதயத்துக்குத் தோதான மருந்தைத் தேடி, மருந்துக்கடைக் கம்ப்யூட்டர் நானூறு கோடி மூலக்கூறுகளை அலசிக்கொண்டிருந்தது. எது கெடக்கூடாது என்று சொன்னால் போதும், அதைக் கெடுக்கும் மருந்துகளையெல்லாம் ஒதுக்கிவிடும்.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் கடைக்காரர் சுடலைமணி.

"மீன் குழம்பு ருசி மாறக்கூடாது."

திரையில் ஆயிரம்தான் மிச்சம்.

"மத்தியானத் தூக்கம் கெடக்கூடாது."

நாற்பது.

"கேரம் ஆடும்போது கை நடுங்கக்கூடாது."

இரண்டே இரண்டு நின்றன.

"ரெண்டுமே இதயத்துக்கு நல்லதுதான். முதல் மருந்துல ஒரு கூடுதல் லாபம், உங்க குறட்டையும் நின்னுரும்!"

சவரிமுத்து மனைவியைப் பார்த்துச் சிரித்தார். குறட்டைக்காக முப்பது வருடம் அவரைக் கரித்துக் கொட்டியவள் செசிலி.

"இப்ப சந்தோஷமா?"

அவள் கடைக்காரரிடம் திரும்பினாள். "இன்னொரு மருந்து என்ன செய்யும் தம்பி?"

"அதுல குறட்டை ரெண்டு மடங்கு ஆகும்."

"அதையே குடுங்க."

"ஏளா, உனக்கென்ன கிறுக்கா?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து, அந்தச் சத்தம் ஒரு நிமிஷம் நின்னாலும் எந்திரிச்சு, உங்க மூக்குல கை வச்சுப் பாக்கேன்," என்றாள் செசிலி.